அஞ்சல் வேண்டாம்

அஞ்சல் குறியீட்டு எண்ணில் முதல் மூன்று இலக்கங்களுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட வேண்டும். பெரும்பாலானவர்கள் விடுவதில்லை. நீங்கள் என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளிலும் காவல் நிலைய முகவரியில் ஆறு எண்களும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. குறையாகச் சொல்லவில்லை மேடம். கண்ணில் பட்டது, சொல்கிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. மறைக்கவும் ஒன்றுமில்லை.

என் பெயர் சுருளிராஜன். வயது ஐம்பத்தொன்று. தனி ஆள். கம்பத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் முகவரி அச்சிட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு தடுப்பு. அதற்குள் குடியிருக்கிறேன். கடையில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கம்ப்யூட்டரில் முகவரிப் புத்தகம் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. 2011இல் சிடியில் வாங்கியது. அதில் ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு, ஊர், யாருக்குப் பங்காளி, யாருக்குச் சம்பந்தி, வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் இன்றைய தேதியில் நாற்பத்தோராயிரத்து முந்நூற்று இருபத்தாறு பேரை ஏற்றியிருக்கிறேன். எல்லாம் என் இரண்டு விரலால்.

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகைக் கட்டோடு என்னிடம் வந்துவிடுவார்கள். யார் வீட்டு விசேஷம், எத்தனை பேரைக் கூப்பிட உத்தேசம் என்று இரண்டே கேள்விதான் கேட்பேன். பொத்தானைத் தட்டினால் உறவுக்காரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒரு ஷீட்டுக்கு இருபத்து நான்கு ஸ்டிக்கர் வீதம் அச்சிட்டு, உறையில் ஒட்டி, தபால் தலையும் ஒட்டி, அஞ்சலகத்தில் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒரு ஆள் விடுபட்டது என்று பேச்சு வந்ததில்லை. போகப் போக மக்கள் தங்கள் சொந்தங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். உத்தமபாளையத்துக்காரர் ஒருவர், தன் இரண்டாவது பெரியப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று என்னிடம் போன் போட்டுக் கேட்டார். சொன்னேன். மூன்று. நடுவில் உள்ளது திருப்பூரில்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகை வராத விசேஷத்துக்கு யாரும் போகமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்டால், போய்ச் சோறு கேட்டதுபோல ஆகிவிடும். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு புழுங்குவார்கள்.

தங்கப்பாண்டியன் பிறந்தது காமயகவுண்டன்பட்டியில். இருபது வருடங்களுக்கு முன் கடமலைக்குண்டுக்கு வெளியே தோட்டம் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் குடிபோனார். முருங்கையும் தென்னையும் போட்டிருந்தார். சொந்தபந்தம் முழுக்கக் கம்பம் பள்ளத்தாக்கில். அவர் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். பேருந்தில் தேனி வந்து, ஆண்டிபட்டி வந்து, அங்கிருந்து போக வேண்டும். எப்படியும் அரைநாள் ஆகும். அப்படியிருந்தும் இந்தப் பக்கத்தில் ஒரு விசேஷத்தை விடமாட்டார். முதல் பந்தியில் உட்காரமாட்டார். பந்தி பந்தியாக நின்று, இங்கன ரசம் வரல, அங்கன அப்பளம் வைக்கல என்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருப்பார். அது அவர் வீட்டு விசேஷமாகவே இருக்காது. கூப்பிட்ட வீட்டார் அதில் நெகிழ்ந்துபோவார்கள். அவர் வந்தால்தான் கூட்டம் கூட்டமாகத் தெரியும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அவருடைய மனைவி சண்முகத்தாய், கூடலூர்ப் பெண். ஒரே மகள் ஹேமாவதி. 2022 ஆவணியில் ஹேமாவதிக்குக் கம்பத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகைகளை அனுப்பியது நான்தான். ஆயிரத்து நானூற்று அறுபது உறை. கல்யாணம் முடிந்த கையோடு பெண் மாப்பிள்ளையுடன் சார்ஜாவுக்குப் போய்விட்டது.

சிக்கல் அவருடைய முகவரியில் இருந்தது. ஒரு ஸ்டிக்கரில் நான்கு வரிதான் அடங்கும். அவருக்கு ஆறு வரி. தகப்பனார் பெயர் ஒரு வரி, சண்முகத்தாய் இல்லம் என்று ஒரு வரி, ஓடைப்பாலத்துக்கு மேற்கே என்று ஒரு வரி. ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் கீழே உள்ள ஸ்டிக்கரில் போய் ஏறிவிடும். கீழே இருப்பவரின் முகவரி அதற்கும் கீழே இறங்கும். ஒரு ஆளால் அந்த வரிசையில் உள்ள அத்தனை பேரும் கெட்டுப்போவார்கள். ஒருமுறை கோம்பைக்குப் போக வேண்டிய காதுகுத்துப் பத்திரிகை போடிக்குப் போய், அறிமுகமே இல்லாத ஒரு குடும்பம் சீர்த்தட்டோடு வந்து இறங்கியது.

தங்கப்பாண்டியனைப் போனில் கூப்பிட்டு, இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டேன். தகப்பனார் பெயரையும் எடுக்கமுடியாது, பொண்டாட்டி பெயரையும் எடுக்கமுடியாது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் தப்பு ஒன்றுமில்லை. நான் அவருடைய பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் 'அஞ்சல் வேண்டாம்' என்று ஒரு சிறிய கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் போட்டேன். அவ்வளவுதான். அவரை நான் அழிக்கவில்லை. அவர் பெயர், அவர் வீடு, அவர் உறவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. எந்தப் பட்டியல் எடுத்தாலும் அவர் மட்டும் அதில் வரமாட்டார்.

அந்த ஐப்பசியிலும் தையிலும் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். அவர் வீட்டுக்கு ஒரு பத்திரிகையும் போகவில்லை. மாசி மாதம் ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். எனக்குத்தான். பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது, கடமலைக்குண்டுப் பக்கம் தபாலெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். போகிறது என்றேன். அது உண்மை. கடமலைக்குண்டுக்கு வேறு நூற்றுப்பத்துப் பேருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். தேய்த்த சட்டை போட்டிருந்தார். அன்றைக்குக் கம்பத்தில் அவருடைய பங்காளி வீட்டில் கல்யாணம் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. மண்டபத்து வாசல் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்.

இதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து கேள்வி வரத் தொடங்கியது. தங்கப்பாண்டியனை எங்கேயும் காணோமே, பத்திரிகை போனதா என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். போயிற்று என்றேன். பிறகு யோசித்தேன். வராத மனிதரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மகள் கல்யாணம் முடிந்ததும் மதிக்கவில்லை என்பார்கள். அவருக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று நினைத்தேன். அவர் சார்பில் ஒரு கடிதம் அனுப்பினேன்.

புரோகிராமில் அதற்கு வசதி உண்டு. ஒரே கடிதத்தை ஒருமுறை அடித்தால் போதும், 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் ஆளுக்கேற்ற பெயர் தானாக வந்து உட்காரும். உறவுக் கட்டத்தில் இருப்பதை வைத்து மாமா, சித்தப்பா, மாப்பிள்ளை என்றுகூடப் போட்டுக்கொள்ளும். உடல்நிலை சரியில்லாததால் கேரளாவில் கட்டப்பனையில் தங்கி வைத்தியம் பார்க்கிறேன், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, வீடு பூட்டிக் கிடக்கிறது, பேசக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருப்பதால் யாரும் பார்க்க வரவேண்டாம். இவ்வளவுதான் எழுதினேன். கீழே புதிய போன் எண் என்று ஒரு எண் கொடுத்தேன். அது நான் வாங்கிய சிம். பழைய எண்ணுக்கு யாராவது பேசிவிட்டால் குழப்பம் வருமே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'பழைய போன் திருட்டுப் போய்விட்டது. திருடியவன் என் குரலிலேயே பேசுகிறான். நம்ப வேண்டாம்.'

ஆயிரத்து நானூற்று அறுபது பேருக்கும் போயிற்று. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த சிம்மை வைத்திருந்தேன். மொத்தம் ஏழே அழைப்பு. இரண்டு, மனை வாங்குகிறீர்களா என்று கேட்டவை. ஒன்று தவறான எண். ஆட்கள் நல்லவர்கள்தான். போக வேண்டாம் என்று ஒரு காரணம் கிடைத்தது, நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அந்தக் காரணத்தை அச்சடித்துக் கொடுத்தது மட்டும்தான் நான்.

மிச்சம் நான்கு அழைப்பும் வேல்பாண்டியுடையவை. சண்முகத்தாய்க்குத் தம்பி. கூடலூரில் ஜீப் வைத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் அதற்கு மேலேயும் ஓட்டுகிறவர். நான் ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருக்கும் ஆள்போலப் பேசினேன். எனக்குக் கொஞ்சம் மலையாளம் வரும். அக்காவைக் கேட்டால், சேச்சி உறங்குகிறார், சொல்கிறேன் என்பேன். அவர் விடவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு கட்டப்பனைக்கே போய் இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடியிருக்கிறார். அதனால் கோட்டயத்துக்கு மாறிவிட்டோம் என்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் போட்டேன். மலைப் பாதையில் வீணாக அலைய வேண்டாம் என்றுதான்.

கடமலைக்குண்டில் என்ன நடந்தது என்பதைச் சண்முகத்தாய் எனக்குப் போனில் சொன்னார்கள். அவர்களிடம் தனியாகப் போன் இல்லை. கணவர் தோட்டத்தில் இருக்கும்போது அவருடைய போனிலிருந்து எனக்குப் பேசினார்கள். முகூர்த்த நாள் வந்தால் அவர் காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், மத்தியானம் தபால்காரர் போனதும் எழுந்து சட்டையைக் கழற்றுகிறார், சாப்பிடுவதில்லை என்றார்கள்.

"நாங்க யாருக்கு என்ன பாவம் பண்ணோம்ணே? எந்தம்பிகூட ஒரு பேச்சு பேசல. ஒங்ககிட்டத்தான் எல்லார் பேரும் இருக்கே, யாராச்சும் எங்க மேல வருத்தமா இருந்தா சொல்லுங்க. வந்து கால்ல விழுந்துர்றோம்."

அப்படி யாரும் எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். அதுவும் உண்மை.

2023 கார்த்திகையில் சண்முகத்தாய் இறந்துபோனார்கள். நான்கு நாள் காய்ச்சல். காலை பத்து மணிக்குத் தங்கப்பாண்டியன் எனக்குப் போன் செய்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் செய்தி அனுப்பச் சொன்னார். என் புரோகிராமில் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இருப்பது அவருக்குத் தெரியும்.

"நான் ஒருத்தருக்கும் போன் போட்டுக் கெஞ்சமாட்டேன். செய்தி போகட்டும். வர்றவுக வரட்டும்" என்றார்.

அனுப்பவில்லை. எப்படி அனுப்ப முடியும்? கேரளாவில் வைத்தியத்தில் இருப்பவர்கள் கடமலைக்குண்டில் எப்படி இறக்க முடியும்? முன்னால் போன கடிதத்துக்கும் இந்தச் செய்திக்கும் பொருத்தமில்லை. ஒரு முகவரிப் புத்தகத்தை மக்கள் நம்புவதே அதில் முரண்பாடு இல்லை என்பதால்தான்.

நான் போனேன். இரண்டு பேருந்து மாறிப் போனேன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நான் துக்கத்துக்குப் போன கேதம் இல்லை அது. அவரே தன் வாயால் எனக்குச் சொல்லியிருந்தார். அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், அக்கம்பக்கத்தார். சார்ஜாவிலிருந்து ஹேமாவதி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தது. அதுவரை வைத்திருந்தோம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வரவேண்டும் என்று ஒரு மணிநேரம் காத்திருந்தார்கள். தங்கப்பாண்டியன் அந்த ஒரு ஆளுக்கு மட்டும், வேல்பாண்டிக்கு மட்டும், வீம்பை விட்டுப் போன் போட்டிருக்கிறார். எடுத்த வேகத்தில் வைத்துவிட்டாராம். என்ன சொல்லிவிட்டு வைத்தார் என்பதை அவர் அப்போது சொல்லவில்லை. பாடைக்கு நான்கு தோள் வேண்டும். பெண்களும் வயசாளிகளும் போக மூன்றுதான் தேறியது. நான் ஒரு தோள் கொடுத்தேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆயிரத்து நானூறு பேர்ல நீ ஒருத்தன்தான்யா வந்த" என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஹேமாவதி, இனிமேல் இந்த ஊர்ப் பக்கம் காலை வைக்கமாட்டேன், நீங்களும் என்னோடு வந்துவிடுங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. தனியாகவே இருந்தார். மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வார். நான் செத்தாலும் ஒருத்தனும் வரமாட்டான், பாரு, என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருடம் கேட்டுப் பார்த்தேன். அது என் பட்டியலைப் பற்றி அவர் சொல்லும் குறை என்றுதான் எனக்குப் பட்டது. பட்டியலில் கோளாறு ஒன்றுமில்லை. அனுப்பினால் வருவார்கள். அதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இந்த வருடம் தை பிறந்ததும் அவருடைய பக்கத்தைத் திறந்து, 'நிலை' என்ற கட்டத்தில் 'காலமானார்' என்று மாற்றினேன்.

கண்ணீர் அஞ்சலி அட்டைக்கு ஒரு மாதிரி ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் கருமாதி நாள், இடம் என்ற இரண்டு கட்டங்களை நிரப்பாவிட்டால் அச்சுக்குப் போகாது. அதனால் ஒரு நாளும், காமயகவுண்டன்பட்டியில் ஒரு மண்டபமும் போட்டேன். போட்ட பிறகு மண்டபத்தைப் பதிவு செய்யாமல் இருந்தால் வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பதிவு செய்தேன். மண்டபம் பிடித்தால் சமையல்காரரிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். வெண்டைக்காய் மண்டி, உருளைக்கிழங்கு, அப்பளம், பாயசம். படத்துக்கு ஹேமாவதி கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் பந்தியில் நின்று சிரிக்கும் படத்தை எடுத்துப் பெரிதாக்கினேன்.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. 'காலமானார்' என்று மாற்றினால், குடும்பத்தாருக்கு ஆறுதல் கடிதம் போக வேண்டும் என்பதற்காக, 'அஞ்சல் வேண்டாம்' என்ற டிக்கை புரோகிராம் தானாகவே எடுத்துவிடும். ஆகவே அச்சான ஷீட்டுகளில் அவருடைய ஸ்டிக்கரும் வந்துவிட்டது. தங்கப்பாண்டியன் குடும்பத்தார், ஓடைப்பாலத்துக்கு மேற்கே. நான்கு வரி இடத்துக்குள் அழகாக அடங்கியிருந்தது. 2023இல் புரோகிராமைப் புதுப்பித்ததிலிருந்து, நீளமான முகவரியை அதுவே எழுத்தைச் சிறிதாக்கி அடக்கிவிடுகிறது. அப்படியானால் அப்போதே டிக்கை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். தோன்றவில்லை. அந்த ஸ்டிக்கரை மட்டும் உரித்து எறிந்திருக்கலாம். ஷீட்டில் ஓர் இடம் ஓட்டையாக இருப்பது எனக்குப் பிடிக்காது. உறையில் ஒட்டி அனுப்பினேன்.

தொள்ளாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கூடலூரிலிருந்து இரண்டு வேன். சண்முகத்தாயும் ஹேமாவதியும் எங்கே என்று கேட்டவர்களுக்கு, வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். நான் வாசலில் நின்று எண்ணினேன். என் பட்டியல் எவ்வளவு சுத்தமானது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. படத்துக்கு முன்னால் மலையம்மாள், அவருக்குச் சித்தி முறை, ஒப்பாரி வைத்து அழுதார்கள். மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது தங்கப்பாண்டியன் வந்தார்.

வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. தேனியில் பேருந்துக்கு நிற்க வேண்டியதாகிவிட்டது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கையில் அந்த அட்டையை வைத்திருந்தார். அட்டையில் யார் படம் இருக்கிறது என்று பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றார். "அச்சடிச்சதுல ஏதாச்சும் தப்பு இருக்கும். அதுக்காக வராம இருக்க முடியுமா? கூப்பிட்டுட்டாகல்ல."

உள்ளே போய் ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர் அவரைப் பார்த்து அப்பளத்தை நொறுக்காமல் கையில் பிடித்தபடியே இருந்தார். அப்படியே ஒவ்வொரு இலையாகக் கை நின்றது. மலையம்மாள் எழுந்து வந்து அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

"ஏலே, நீ செத்துட்டேன்னு அழுது எனக்குத் தொண்ட கட்டிப் போச்சுலே" என்றார்கள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். இரண்டரை வருடமாகப் பார்க்காத முகங்கள். எல்லார் கண்ணும் அழுது வீங்கியிருந்தது. அவ்வளவும் தனக்காக என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அந்த மனிதரின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. அதை உண்டாக்கியவன் நான் என்பதையும் வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டும்.

அப்போது வேல்பாண்டி வந்து அவருக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"எங்கக்காளக் கூட்டிட்டு வரலயா மச்சான்?"

தங்கப்பாண்டியன் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"ஒங்கக்கா செத்து பதினாலு மாசமாச்சு மாப்ள. ஒனக்கு மட்டுந்தான் போன் போட்டேன். அக்கா போயிட்டாப்பான்னு சொன்னேன். திருட்டு நாயே, எங்க மச்சான் கொரல்ல பேசுறியான்னுட்டு வச்சுட்ட."

சாம்பார் வாளிக்காரர் கரண்டியை வாளிக்குள் விட்டுவிட்டார். வேல்பாண்டி நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். என் கடிதம். மடிப்பு விட்டுப்போய் டேப் ஒட்டியிருந்தார். அதன் அடியில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துக் காதில் வைத்து, ஆஸ்பத்திரி ஆளின் மலையாளத்தில், "பறயூ, ஆஸ்பத்திரியாணு" என்றேன்.

என்னை அடித்தார்கள் என்று உங்கள் குறிப்பில் இருப்பதை நீக்கிவிடலாம். யாரும் என் மேல் கை வைக்கவில்லை. தங்கப்பாண்டியன் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் சேர்ந்து தூக்கிய பாடையைத்தான் நினைத்தார் என்று நினைக்கிறேன். வேல்பாண்டி மண்டபத்துத் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அக்கா அக்கா என்று சின்னப் பிள்ளைபோலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாலையே அவர் உங்களிடம் புகார் கொடுத்தார். படத்திலிருந்த மாலையை யாரோ எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல், மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆம். அந்தக் கட்டத்தில் டிக் போட்டது நான். கடிதங்களை எழுதியது நான். சண்முகத்தாயின் சாவை அவர்களுடைய தம்பிக்குத் தெரியாமல் வைத்தது நான். உயிரோடு இருந்தவருக்குக் கருமாதி வைத்தது நான். இவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஆறு வரி முகவரிதான் காரணம் என்று முதல் நாள் சொன்னேன். நீங்கள் டிக் போட்ட தேதியைக் கேட்டீர்கள். ஹேமாவதி கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கல்யாணத்துக்குத் தங்கப்பாண்டியன் என்னைக் கூப்பிட்டிருந்தார். பத்திரிகைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, மொத ஆளா வந்து நிக்கணும், பத்திரிக்கை வந்துரும் என்றார். என் வாழ்நாளில் அப்படி ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் முறை. ஆயிரத்து நானூற்று அறுபது உறைக்கும் நான்தான் தபால் தலை ஒட்டினேன். எனக்கு வரவில்லை. கல்யாணத்தன்று காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான். மேளச் சத்தம் கேட்டது. தபால்காரர் பன்னிரண்டு மணிக்கு வந்து மின்சார வாரியத்தின் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பதின்மூன்று வருடத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் யார் வீட்டிலிருந்தும் எனக்கு ஒரு பத்திரிகை வந்ததில்லை. மற்றவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர் வாயால் சொன்னவர்.

நேற்று என் கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து வைத்து, என் பெயரைத் தட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். சுருளிராஜன் என்று முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். என் கதவு எண்ணில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் புரோகிராம் தானாகக் கொடுக்கும் வரிசை எண்களை நீங்கள் மேலிருந்து கீழ்வரை பார்த்தீர்கள்.

"அழிச்சிருந்தா நம்பர் விட்டுப்போயிருக்கும். ஒரு நம்பர்கூட விடல. நீங்க ஒங்க பேர ஏத்தவே இல்ல, சுருளிராஜன். இந்த லிஸ்ட்ட வச்சுத்தான் எல்லாரும் கூப்பிடுறாக. பெறகு ஒங்களுக்கு எப்படி வரும்?" என்றீர்கள்.

நீங்கள் சொன்னதை இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று இருபத்தாறு பேரை ஏற்றியவன் தன் பெயரை ஏற்றாமல் விட்டிருப்பான் என்பது நம்பும்படியாக இல்லை மேடம். புரோகிராம் தவறு செய்யக்கூடியது. கட்டைக் கொடுக்க வந்த அன்று தங்கப்பாண்டியன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் அவருக்குக் காபி வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வர ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அவர்தான் என் பெயரை அழித்திருக்க வேண்டும். அவர் மேலும் ஒரு வழக்குப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.